ரெண்டு சர்ட்டிஃபிகேட்டும் வேணுமா அக்கா?

கேள்வி: அக்கா, நான் ஹூஸ்டன்ல லேபர் வார்டுல நாலு வருஷமா ஆர்.என்.னா (பதிவு பெற்ற நர்ஸா) இருக்கேன், நாகர்கோவில்ல பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிட்டு வந்தவ. கிரீன் கார்டு இருக்கு, மூணு வயசுல பொண்ணு இருக்கா. மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு பாத்தா ஒரு காலேஜ்ல மிட்வைஃபரி (பிரசவம் பாக்குற படிப்பு) மட்டும்தான், இன்னொண்ணுல அதோட விமன்ஸ் ஹெல்த் நர்ஸ் பிராக்டிஷனரும் (பெண்களைப் பரிசோதிச்சு மருந்தும் எழுதுற நர்ஸ்) சேர்த்து குடுக்குறாங்க, ஒரு செமஸ்டர் கூட ஆகும், ரெண்டுமே ஆன்லைன். ரெண்டும் சேர்ந்ததையே எடுன்னு வீட்டுக்காரர் சொல்றார். அம்மா என்னடான்னா, "நீதான் ஏற்கெனவே ஆர்.என். ஆர்.எம். (பதிவு பெற்ற மிட்வைஃப்) ஆச்சே, பிரசவம் பாக்குறதை மறுபடியும் படிக்கணுமா?"ன்னு கேக்குறாங்க. எதை எடுக்கட்டும்?
- வாசகி, ஹூஸ்டன்

பதில்: முதல்ல அம்மா கேள்விக்கு வருவோம், எங்க அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. நம்ம ஊர் ஆர்.எம். பதிவை வச்சு அமெரிக்காவுல மிட்வைஃப்னு போர்டு மாட்ட முடியாதும்மா. சி.என்.எம். (சர்ட்டிஃபைடு நர்ஸ்-மிட்வைஃப்) ஆகணும்னா, மிட்வைஃபரி படிப்புகளை அங்கீகரிக்குற ஏ.சி.எம்.இ. அமைப்போட அங்கீகாரம் உள்ள படிப்பை முடிச்சு, சர்ட்டிஃபிகேட் குடுக்குற ஏ.எம்.சி.பி. போர்டோட பரீட்சை பாஸ் பண்ணணும், 2010லருந்து மாஸ்டர்ஸாவது இருக்கணும்னு ஆயிடுச்சு. அதனால காலேஜ் பேரைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க.

இப்ப வீட்டுக்காரர் கணக்கு. சி.என்.எம்.னா பிரசவம் மட்டும் பாக்குறவங்கன்னு நிறைய பேர் நினைச்சுக்குறாங்க, அது தப்பு. பேப் ஸ்மியர், காப்பர் டி மாதிரி ஐ.யு.டி. போடுறது, மெனோபாஸ் தொந்தரவு, பிறந்த குழந்தையை முதல் 28 நாள் பாக்குறது எல்லாமே அதுக்குள்ள வந்துடும். விமன்ஸ் ஹெல்த் என்.பி. (நர்ஸ் பிராக்டிஷனர்) பண்றதுல பெரும்பகுதி இதேதான், ஆனா அவங்க பிரசவம் பாக்க மாட்டாங்க. இன்னொண்ணு, வயசானவங்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ் மெடிகேர்ல டாக்டருக்குக் குடுக்குற ரேட்டை முழுசா சி.என்.எம்.முக்கும் 2011லருந்து குடுக்குறாங்க, என்.பி.க்கு 85 சதவீதம்தான். ஆக ரெண்டாவது சர்ட்டிஃபிகேட் வாங்குனா சம்பளம் ரெண்டு மடங்காயிடும்னு கணக்குப் போடாதீங்க. அந்த என்.பி. சர்ட்டிஃபிகேட்டுக்குன்னு தனியா என்.சி.சி.ங்குற அமைப்போட பரீட்சை இருக்கு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், ஏ.எம்.சி.பி.க்கு அஞ்சு வருஷம், எல்லாத்துக்கும் தனித்தனியா காசு.

அப்ப அந்த ரெண்டாவது சர்ட்டிஃபிகேட் எதுக்குத்தான் உதவும்னா, ராத்திரி டியூட்டி வேணாம்னு தோணுற அன்னைக்கு உதவும். ஆன்-கால் வாரத்துல நான் போனை ஃபுல் சவுண்டுல தலையணைக்கு அடியில வச்சுட்டு, நாளைக்குப் போட வேண்டிய ஸ்க்ரப்ஸை மாட்டிக்கிட்டே படுப்பேன், மணி ரெண்டே முக்காலுக்கு போன் வந்தா செருப்பு தேட நேரம் இருக்காது பாருங்க. நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஜாலியாத்தான் இருந்துச்சு! சி.என்.எம். மட்டும் வச்சுக்கிட்டும் கிளினிக் வேலைக்குப் போகலாம், ஆனா குழந்தையின்மை கிளினிக் மாதிரி சில இடங்கள்ல என்.பி. வேணும்னே விளம்பரம் போடுறாங்க, ஹெச்.ஆர்.ல உக்காந்திருக்குற பையனுக்கு மிட்வைஃப்னா யாருன்னே தெரியாது, உங்க அப்ளிகேஷனை அப்படியே ஒதுக்கி வச்சுடுவான்.

ஆனா உங்களை நிஜமா அலைய விடப்போறது இதெல்லாம் இல்ல, ப்ரிசெப்டர்தான், அதாவது கிளினிக்ல கூடவே வச்சு வேலை கத்துக்குடுக்குறவங்க. நான் ஆன்லைன்ல படிச்சப்ப, கிளினிக்கல் இடத்தை நீயே தேடிக்கோன்னு காலேஜ்ல கைகழுவிட்டாங்க, மத்தியானம் லஞ்ச் பிரேக்ல கார்ல உக்காந்து ஒரு நோட்டுல வரிசையா பேர் எழுதி அடிச்சு அடிச்சு போன் போட்டேன், 31வது கிளினிக்லதான் சரின்னாங்க, அதுக்குள்ள ஒரு செமஸ்டரே போச்சு. ரெண்டும் சேர்த்துப் படிச்சா அந்தத் தேடல் இன்னும் கூடும், என்.பி. படிப்புக்கு 2022ல வந்த தரவிதிப்படி குறைஞ்சது 750 மணி நேரம் நேரடியா பேஷண்ட் பாத்திருக்கணும். இதுல எவ்வளவு மிட்வைஃபரி கிளினிக்லயே கழியும், எவ்வளவு தனியா பண்ணணும்னு காலேஜ்ல மெயில்ல எழுதி வாங்குங்க. டெக்ஸாஸ் ஸ்டூடண்டை சேர்த்துக்குறாங்களான்னும் கேளுங்க, எல்லா ஆன்லைன் காலேஜும் எல்லா ஸ்டேட்டுக்கும் இல்ல. அப்புறம் டெக்ஸாஸ்ல நீங்க எந்த சர்ட்டிஃபிகேட் வாங்குனாலும் மருந்து எழுத ஒரு டாக்டரோட ஒப்பந்தம் போட்டாகணும், நியூ மெக்ஸிகோவுல அந்தத் தொல்லை இல்ல.

என்னைக் கேட்டா, ப்ரிசெப்டரை காலேஜே ஏற்பாடு பண்ணித் தந்தா ரெட்டைப் படிப்புக்குப் போங்க, ஒரு செமஸ்டர்தானே. நீங்களே தேடணும்னா மிட்வைஃபரி மட்டும் எடுங்க, வேணும்னா மாஸ்டர்ஸ் முடிச்ச பின்னாடி போஸ்ட்-மாஸ்டர்ஸ் சர்ட்டிஃபிகேட்டா என்.பி.யை சேத்துக்கலாம். உங்க லேபர் வார்டுலயே மிட்வைஃப் யாராவது இருந்தா இந்த வாரமே ஒரு காபி வாங்கிக் குடுத்துப் பேச்சுக் குடுங்க, நாளைக்கு அவங்களே ப்ரிசெப்டரா வந்தாலும் வருவாங்க.

காசு விஷயம் ஒண்ணு. கிரீன் கார்டு இருக்குறதால ஃபெடரல் லோனுக்கு அப்ளை பண்ணலாம். ஆனா டாக்டர் கிடைக்காத ஊர்ல வேலை பாத்தா லோனை அடைச்சு விடுற நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் திட்டத்துக்கு சிட்டிசனா இருக்கணும், அதனால உங்க சிட்டிசன்ஷிப் எந்த வருஷம் வரும்னும் பாத்து வச்சுக்குங்க.