மாமாவின் கோட் உன் பீரோவில் என்ன செய்கிறது?

கேள்வி: எனக்கு 26 வயது. எங்கள் பகுதி கேபிள் சேனலில் சனிக்கிழமை இரவு வரும் போட்டி நிகழ்ச்சியை 17 வருஷமாக நடத்தியவர் என் தாய்மாமா. நேயர்கள் போனில் விடை சொல்வார்கள். ஜெயித்தால் குக்கரோ தோசைக்கல்லோ பரிசு. அப்பா கல்ஃபில் இருந்ததால் என்னை வளர்த்ததும் மாமாதான். புதுமுகம் வேண்டும் என்று சேனல் முதலாளி அவரை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார். ஒத்துக்கொண்டேன். அதிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை. முதல் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாமி வந்து, மாமா வழக்கமாகப் போடும் கோட்டைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத் தோள் பெரிதாக இருப்பதால் பீரோவில் கிடக்கிறது. போன் செய்கிறவர்கள் எல்லாம் 'சார் எங்கே, அவர் மாதிரி வராது' என்கிறார்கள். ஒரு பாட்டி லைனிலேயே அழுதுவிட்டார். 'இன்னைக்கு வீட்டுல என்ன கறி?' என்று மாமா கேட்கும் பழைய பாணியை எல்லாம் எடுத்துவிட்டேன். நேயர்கள் மனதில் இடம்பிடிக்க என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், தக்கலை

பதில்: தம்பி, நேயர்களை முதலில் ஓரமாக வை. ஆள் மாறினால் முணுமுணுப்பு வரத்தான் செய்யும். அமிதாப் பச்சன் 2000-இல் தொடங்கிவைத்த 'கௌன் பனேகா கரோட்பதி'யை 2007-இல் ஷாருக் கானிடம் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய நட்சத்திரம்! ஒரே சீசன்தான். 2010-இல் நாற்காலி மறுபடி பச்சனிடமே போய்விட்டது. அதே விளையாட்டு 2012-இல் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று தமிழுக்கு வந்தபோது சூர்யா நடத்தினார், அப்புறம் பிரகாஷ் ராஜ், அப்புறம் அரவிந்த் சுவாமி. ஏழு சீசன் கமல் நடத்திய 'பிக் பாஸ்' 2024-இல் விஜய் சேதுபதி கைக்கு வந்தபோதும் இதே பேச்சுதான். நீ நன்றாகச் செய்தால் பேச்சு குறையும். இல்லாவிட்டால் உன்னையும் மாற்றுவார்கள். இதில் உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் கேட்க நினைப்பது அந்தக் கோட்டைப் பற்றி.

'மாமா பேசுவதில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மாமி கோட்டோடு வந்த கதையைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். கோபமாக இருக்கிற மனுஷன், 17 வருஷம் போட்ட கோட்டைத் தேய்க்கச் சொல்லி, அதுவும் முதல் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பார்த்து, பெண்டாட்டி கையில் கொடுத்தனுப்புவாரா? நம் மாவட்டத்தில் பல ஆண்கள் கோட் தைப்பதே கல்யாணத்துக்குத்தான். உன் மாமாவுடையதும் கல்யாணக் கோட்டாகத்தான் இருக்கும் என்று எனக்கொரு ஊகம். மாமியிடம் கேட்டுப் பார். வேலையைப் பிடுங்கிக்கொண்ட பையனுக்கு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அனுப்பிய ஆசீர்வாதம் அது. நீ தோள் அளவு பார்த்தாய்.

அதற்கப்புறம் மாமா வீட்டுக்கு எப்போது போனாய்? கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், அந்த வரியைக் காணோம். ஒரு போன்கூடச் செய்ததாகத் தெரியவில்லை. மாமா பேசவில்லையாம்! கோட்டை அனுப்பிவிட்டு அவர் காத்திருக்கிறார். வாயைத் திறக்காமல் இருப்பது நீ.

இன்னொன்று. 'முதலாளி கேட்டார். ஒத்துக்கொண்டேன்.' இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் நீ மாமா வீட்டுப் படி ஏறியிருக்க வேண்டாமா? அப்பா வெளிநாட்டில் இருக்க, உன்னை வளர்த்து ஆளாக்கிய தாய்மாமன். 'முதலாளி என்னைக் கூப்பிடுகிறார், என்ன சொல்லட்டும்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 'போய் நடத்துலே' என்றுதான் சொல்லியிருப்பார். கேட்காமல் எடுத்துக்கொண்டாய். சட்டப்படி தப்பில்லை. குடும்பத்தில் அது தப்பு, பெரிய தப்பு. 'இந்தக் காலத்தில் இதெல்லாம் பார்க்க முடியுமா' என்று யாராவது உனக்காகப் பேச வந்தால் அவர்களுக்கும் இதே பதில்தான்.

அமெரிக்காவில் 'ஜெபர்டி' என்றொரு வினாடி வினா. அலெக்ஸ் ட்ரெபெக் அதை 1984 முதல் 2020-இல் இறக்கும்வரை நடத்தினார். அடுத்து மேடை ஏறியவர் கென் ஜென்னிங்ஸ். 2004-இல் அதே நிகழ்ச்சியில் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்த போட்டியாளர். அவரே நடத்த வந்த முதல் நாளில், ட்ரெபெக்கின் மனைவி கொடுத்த ட்ரெபெக்கின் கஃப்லிங்க்ஸை, அதாவது சட்டைக் கைப் பொத்தான்களை, மாட்டிக்கொண்டார். அவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்று நேயர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார். அவருக்கு வாய்த்தது இறந்துபோனவரின் நினைவுப்பொருள். உன் மாமா உயிரோடு, பஸ் ஏறினால் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறார்.

'என்ன கறி?' உனக்குப் பழசாகப் படுகிறது. ஜூன், ஜூலையில் குளச்சல் பக்கம் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் ஒரு அம்மா 'கருவாடுதான் சாரே' என்றால் அந்த வீட்டு நிலவரம் உன் மாமாவுக்குத் தெரியும். அதற்கேற்ற மாதிரி அடுத்த கேள்வியை லேசாகப் போட்டிருப்பார். சாளைக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் என்று உற்சாகமாகச் சொல்கிற வீட்டுக்குக் கஷ்டமான கேள்வி. உனக்கு அது வேண்டாம் என்றால் எடுத்துவிடு. ஆனால் அது எதற்கு இருந்தது என்று தெரிந்துகொண்டு எடு. அழுத பாட்டியின் பெயர், ஊர், எத்தனை வருஷமாகப் போன் செய்கிறார் என்பதெல்லாம் மாமாவுக்கு மனப்பாடமாக இருக்கும். கேட்டால் சொல்வார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போ. கோட்டையும் எடுத்துக்கொள். முன்கூட்டிப் போன் செய்யாதே, மாமி தடபுடலாகச் சமைக்க ஆரம்பித்துவிடுவார். 'கேக்காம ஒத்துக்கிட்டேன், தப்பு' என்று முதலில் சொல். முதலாளியின் மீது பழி போடாதே. அவர் செய்தது அநியாயம்தான், ஆனால் அது வேறு கணக்கு. கோட்டைப் பிரித்துத் தைக்கலாமா என்று மாமாவிடமே கேள். நல்ல டெய்லர் தோளைப் பிரித்து உள்ளே வாங்கித் தந்துவிடுவார்.

பிறகு முதலாளியிடம் போய், மாமாவை ஒரு சனிக்கிழமை மேடையில் உட்காரவைத்து நேயர்களிடம் விடைபெறச் சொல்ல வேண்டும் என்று கேள். அவருக்கு அந்தச் சந்தர்ப்பம் கொடுத்தார்களா என்று நீ எழுதவில்லை. கொடுத்திருந்தால் பாட்டி அழுதிருக்க மாட்டார். முதலாளி மறுத்தால் மைக்கை அங்கேயே வைத்துவிட்டு வா. 26 வயதில் வேறு வேலை கிடைக்கும்.

நேயர்களைப் பற்றி அப்புறம் எழுது. மாமா வீட்டுக்குப் போகாமல் எழுதினால் உறையைப் பிரிக்க மாட்டேன்.