போட்டியன்று களி வேண்டாம், இட்லி போதும்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வயது 23. இன்னும் மூன்று வாரத்தில் தருமபுரியில் மாவட்ட அளவிலான பவர்லிஃப்டிங் போட்டி. எனக்கு இதுதான் முதல் போட்டி. 74 கிலோ பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறேன், ஜிம் தராசு 74.6 காட்டுகிறது. காலை ஏழு மணிக்கு எடை பார்ப்பார்களாம். முதல் நாள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காதே, எடை பார்த்ததும் பத்து முட்டை சாப்பிடு என்கிறார் ஜிம் மாஸ்டர். அம்மாவோ களி கிண்டி, கீரைக் குழம்போடு கொண்டு வருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது சார்?"

அந்த ஒரு நாள் மட்டும் இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் தம்பி.

போட்டியில் ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (மல்லாந்து படுத்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) மூன்றுக்கும் தலா மூன்று முறை, மொத்தம் ஒன்பது தடவை தூக்குவீர்கள். ஒவ்வொன்றும் சில நொடி வேலைதான். அந்தச் சில நொடிக்கான சக்தி, தசையில் ஏற்கெனவே இருக்கும் ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சக்திச் சேமிப்புப் பொருட்களிலிருந்து வருகிறது. தூக்கிவிட்டு வந்து சில நிமிடம் உட்கார்ந்தால் அதில் பெரும்பகுதி திரும்ப நிரம்பிவிடும். ஆகவே அன்று காலை சாப்பிடும் சாப்பாடு புதிதாக பலம் எதையும் தந்துவிடாது. ஆளைக் கவிழ்ப்பது வேறு: மணிக்கணக்கான காத்திருப்பு, பதற்றம், வியர்வை, ஒத்துழைக்காத வயிறு. இருக்கிற பலம் இறங்காமல் பார்த்துக்கொள்வதும், தூக்குவதற்காக இடுப்பில் கட்டும் பெல்ட்டை இறுக்கும்போது தொந்தரவு தராமல் இருப்பதும்தான் அன்றைய சாப்பாட்டின் வேலை.

முதலில் அந்த 600 கிராம். ஜிம் தராசில் எப்போது ஏறினீர்கள்? மாலையில், சாப்பிட்டுவிட்டு, உடையோடு என்றால் கவலையே வேண்டாம். இரவு தூக்கத்தில் மூச்சிலும் சிறுநீரிலும் அரை கிலோவுக்கு மேல் குறைவது சாதாரணம். காலையில் வெறும் வயிற்றில், கழிப்பறை போய்வந்த பிறகும் 74.6 நிற்கிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் தண்ணீரில் கை வைக்காதீர்கள், நார்ச்சத்தில் கை வையுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் களி, கம்பு, சாமை, கீரை, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெள்ளைச் சோறு, இட்லி, ரசம், தயிர், முட்டை, எண்ணெய் குறைந்த கோழி என்று சாப்பிடுங்கள். குடலில் தங்கும் சக்கை குறையும். பலம் போகாமல் பலருக்கு அரை கிலோ இறங்க இது ஒன்றே போதும். அதிலும் இறங்காவிட்டால் முதல் போட்டியை 83 கிலோ பிரிவில் ஆடிவிட்டுப் போங்கள். மாற்ற வேண்டுமென்றால் அமைப்பாளர்களிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

தண்ணீரை நிறுத்தச் சொல்வதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். சர்வதேச விதிப்படி போட்டி தொடங்க இரண்டு மணி நேரம் முன்புதான் எடை பார்ப்பது ஆரம்பிக்கும், ஒன்றரை மணி நேரம் நடக்கும். கடைசியாக ஏறுகிறவருக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். முதல் நாள் மதியத்திலிருந்து வறண்டுபோன உடம்பை அதற்குள் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. தலை சுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும்தான் மிச்சம். குத்துச்சண்டை, மல்யுத்தம் செய்கிறவர்களைப் பார்த்து ஜிம்களுக்குள் வந்த பழக்கம் இது. அங்கேயும் அது ஆபத்தானதுதான்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சோறு, ரசம், கொஞ்சம் தயிர். பரோட்டா சால்னா வேண்டாம். வாணியம்பாடிப் பக்கத்துச் சொந்தக்காரர் பிரியாணி கொண்டுவந்தால் மறுநாள் ராத்திரிக்கு என்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உப்பை மட்டும் குறைக்காதீர்கள்.

களிக்கு வருவோம். கேழ்வரகை நான் குறை சொல்லவில்லை. கால்சியத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பயிற்சி நாட்களில் மதியம் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் காலையில் உள்ளே போகும் ஒரு உருண்டை மதியம் வரை பசிக்க விடாது என்பதுதான் களியின் பெருமை, அன்றைக்கு அதுவேதான் சிக்கல். பெல்ட்டை இறுக்கி, மூச்சை வயிற்றுக்குள் இழுத்துப் பிடித்து ஸ்குவாட்டில் கீழே போகும்போது, இரைப்பையில் இருப்பதெல்லாம் தொண்டையை நோக்கி ஏறப் பார்க்கும். பத்து முட்டையும் அப்படித்தான். சுமார் 60 கிராம் புரதம், 50 கிராம் கொழுப்பு. அந்தப் புரதம் அன்றைய தூக்கலுக்கு உதவாது, அந்தக் கொழுப்பு இரைப்பையைச் சீக்கிரம் காலியாக விடாது. பெஞ்சில் மல்லாந்து படுத்திருக்கும்போது முட்டை ஏப்பம் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நெய் மிதக்கும் பொங்கலுக்கும் இதே பதில்தான்.

எடை பார்த்ததும் முதலில் குடியுங்கள். அரை லிட்டர் அளவுக்கு, ஒரே மூச்சில் இல்லாமல் அரை மணி நேரத்தில். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் நல்லது, மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் நல்லது. பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். திக்காக இருந்தால் வேகமாக வேலை செய்யும் என்று அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைக் கலக்கிவிடும். இளநீர் குடிக்கலாம். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். அதனால் இளநீரை மட்டும் நம்பாமல் கூடவே உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள்.

பிறகு சாப்பாடு. ஒன்றரை மணி நேரம் இருந்தால் நான்கு இட்லி, சர்க்கரை தொட்டோ, காரமில்லாத சட்னி கொஞ்சம் வைத்தோ. சாம்பாரில் மூழ்கடிக்க வேண்டாம், பருப்பு சிலருக்கு வாயு. அதோடு இரண்டு ஏலக்கி வாழைப்பழம். உங்கள் எடைக்கு ஏறத்தாழ 75 கிராம் மாவுச்சத்து போதும், அது இதிலேயே வந்துவிடும். அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இட்லியை மறந்துவிட்டு வாழைப்பழமும் குளுக்கோஸ் தண்ணீரும் மட்டும். பழைய சோறும் மோரும் தினமும் பழக்கம் என்றால் அதுவும் சரிதான். பழக்கமில்லாதவர் அன்று தொடங்கக் கூடாது.

இன்னொன்று. நம் ஊர்ப் போட்டிகளில் அச்சடித்த நேரத்தை நம்ப முடியாது. சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, நாலு பேர் பேசி முடிக்க ஒன்பது மணி பதினொன்றாகும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடாமல், உங்கள் பிரிவு மேடைக்கு முன்னால் எத்தனை பேர் பாக்கி என்று பார்த்துச் சாப்பிடுங்கள். தாமதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு பழமோ இரண்டு பேரீச்சையோ. வார்ம்-அப் தொடங்கிவிட்டால் வாயை நனைக்கும் அளவு தண்ணீர் மட்டும்.

ஸ்குவாட்டின் மூன்று முயற்சிகளுக்கு நடுவில் எதுவும் தின்ன வேண்டாம். அது முடிந்து பெஞ்ச் தொடங்குவதற்குள் ஒரு பொரி உருண்டை. பையில் இதற்குத்தான் முதலிடம் தருவேன்: பொரியும் வெல்லமும்தான், கொழுப்பு கிடையாது, சீக்கிரம் கரையும், வெயிலில் கெடாது. கடலை மிட்டாயில் நிலக்கடலைக் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகத்தான் இறங்கும், பெஞ்ச் முடிந்த பிறகு ஒரு துண்டு போதும். டெட்லிஃப்ட்டுக்கு முன் பலருக்கு வாய் கசக்கும், சாப்பிடப் பிடிக்காது. இங்கேதான் முதல் போட்டிக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். காலையிலிருந்து நாலைந்து மணி நேரம் ஓடியிருக்கும், தகரக் கூரைக்குக் கீழே என்றால் நன்றாகவே வியர்த்திருக்கும். மென்று தின்ன முடியாவிட்டால் குடித்துவிடுங்கள்: உப்பு, சர்க்கரை சேர்த்த எலுமிச்சை ஜூஸ் ஒரு டம்ளர். கிருஷ்ணகிரி மாம்பழ ஜூஸ் பாட்டில் கிடைத்தாலும் சரி, பாதி மட்டும். மொத்தமாகக் குடித்தால் சிலருக்கு வயிறு இளகும், சிங்லெட் (உடம்போடு ஒட்டிய போட்டி உடை) போட்டுக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவது லேசான காரியமில்லை.

தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஒரு நாள் போர் தண்ணீர் குடித்தால் ஃபுளோரைடால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பழகாத தண்ணீரும் கழுவாத கேனும் அன்றே வயிற்றைக் கெடுக்கலாம்.

காபி? தினமும் குடிப்பவர் குடிக்கலாம். காஃபீன் பலத்துக்குக் கொஞ்சம் உதவும் என்பது உண்மை, குடித்து முக்கால் மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும். ஆனால் காலையிலேயே மூன்று டம்ளர் ஏற்றினால் ஸ்குவாட்டில் கை நடுங்கும், டெட்லிஃப்ட்டில் ஆள் காலியாகிவிடுவார். காலையில் ஒன்று, பெஞ்ச் முடியும்போது ஒன்று. காஃபீனை 2004-லேயே ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பயிற்சிக்கு முன் கரைத்துக் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. லேபிளில் சொல்லாத ஊக்கப்பொருள் கலந்த டப்பாக்கள் பிடிபட்டிருக்கின்றன, சோதனையில் சிக்கினால் தடை உங்களுக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை. நண்பர் நீட்டும் ஸ்கூப்பை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் உப்பு, காபி, இளநீர் மூன்றையும் பற்றி முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால், கனமாகத் தூக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதையெல்லாம் ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஏழு மணிக்கு எலுமிச்சை ஜூஸ், ஏழேகாலுக்கு இட்லி, ஒன்பதுக்கு ஸ்குவாட். கீழே உட்காரும்போது இட்லி மேலே வருகிற மாதிரி இருந்தால் நான்கை மூன்றாக்குங்கள். டெட்லிஃப்ட்டுக்கு வரும்போது கண்ணைக் கட்டினால் பெஞ்சுக்குப் பிறகு இன்னொரு பொரி உருண்டை சேருங்கள்.