யாருடைய ஆட்டம்?

அன்புள்ள ஐயா,

என் மகள் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பரதம் பயில்கிறாள். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே 2007இல் நடந்த யூரோவிஷன் நடனப் போட்டியின் பதிவை இருவரும் அண்மையில் பார்த்தோம். "இப்படி ஒரு போட்டிக்கு மலேசியா போனால், என் ஆட்டத்தை அனுப்புவார்களா? இந்தியாவின் ஆட்டம் என்று தள்ளிவிடுவார்களா?" என்று கேட்டாள். மலாய், சீனர், இந்தியர் என மூவின நடனங்களையும் கலந்து ஆடலாமே என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. நான் சொன்னது தவறா?

ஒரு தாய், பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரி,

தவறுதான். நல்லெண்ணத்தில் சொன்னீர்கள், ஆனாலும் தவறு.

சுதந்திர தின மேடைகளில் இந்தக் கலவையைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. மலாய் நடனத்துக்கு ஒரு நிமிடம், சீன விசிறிக்கு ஒரு நிமிடம், பரதத்துக்கு ஒரு நிமிடம். முழங்காலை மடித்து அரைமண்டியில் பிள்ளை நிலைகொள்வதற்குள் பாட்டு மாறிவிடும். பன்னிரண்டு ஆண்டு உழைப்பை அந்த ஒரு நிமிடத்துக்குள் மடித்து வைக்கச் சொன்னால் முகம் வாடாதா?

லண்டனில் நடந்த அந்த முதல் போட்டியில் 16 நாடுகள் கலந்துகொண்டன. ஜோடிகளின் முதல் ஆட்டம் ரும்பா, டாங்கோ போன்ற வகைகளில் ஒன்று. தன் நாட்டின் சாயலைக் காட்ட இரண்டாவது ஆட்டத்தில்தான் இடம். வென்றது பின்லாந்து. அந்த நாட்டின் கதை உங்கள் மகளுக்குத் தெரியவேண்டும். டாங்கோ பிறந்தது தென் அமெரிக்காவில், புவனஸ் ஐரிஸ், மான்டிவிடியோ பக்கம். 1910களில் பின்லாந்துக்கு வந்து சேர்ந்தது. பின்லாந்துக்காரர்கள் அதைத் தங்கள் மொழியில், தங்கள் சோகத்தோடு பாடி ஆடினார்கள். 1985இல் செய்னயோக்கி என்ற ஊரில் அதற்கென்றே ஒரு விழா தொடங்கினார்கள். இன்று பின்லாந்து டாங்கோ என்றே உலகம் அதற்குப் பெயர் சொல்கிறது.

நம் நாட்டுக்கு வாருங்கள். ஜாப்பின், ஜோகெட் இரண்டும் மலாய் ஆட்டங்கள். ஜாப்பின் ஆட்டத்தின் வேர் அரபு நாட்டில். ஜோகெட்டில் மலாக்காவுக்கு வந்த போர்த்துகீசியரின் சாயல் இருக்கிறது. அவற்றை அந்நிய ஆட்டம் என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அப்படியிருக்க, பரதத்திடம் மட்டும் எதற்குக் கடவுச்சீட்டு கேட்கவேண்டும்?

ரம்லி இப்ராஹிமை நினைத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர், அடையாறு லட்சுமணனிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசா மாநிலத்தின் ஒடிசி நடனமும் கற்றவர். 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். ஒடிசியை இந்திய மேடைகளுக்கே கொண்டுபோய் ஆடினார். 2018இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ஒடிசா அவரை அந்நியர் என்று தள்ளவில்லை. பட்டர்வொர்த்தில் பிறந்து, பட்டர்வொர்த்திலேயே அடவு பழகிய பெண்ணை நாம் ஏன் தள்ளவேண்டும்?

ஒரு சிக்கல் உண்மையாகவே உண்டு. அந்தப் போட்டி ஜோடிகளுக்கானது. பரதமோ பெரும்பாலும் ஒருவர் ஆடுவது. இருவர் ஆடும்படி தில்லானா அமைக்க நல்ல ஆசிரியர் வேண்டும். அவரிடம் கேளுங்கள், அது அவருடைய வேலை. நாட்டைக் காட்ட ஆட்டத்தை நறுக்கவேண்டாம்.

அடுத்து அவள் எங்கே ஆடுகிறாள்? பினாங்குப் பக்கம் என்றால் எழுதுங்கள், வருகிறேன்.