கை வீசினா வேகம் வருமா?

கேள்வி: ஆறு மாசமா பீச் ரோட்டுல காலைல ஓடுறேன். அஞ்சு கிலோமீட்டர் தாண்டுனாலே தோள்பட்டை இறுகி கழுத்து வலிக்குது. கூட ஓடுறவர், "கையை நல்லா வீசுங்க மேடம், கைதான் ஆளை முன்னாடி தள்ளும்"ங்கிறார். நெஜமாவா?
- ஒரு வாசகி, பெசன்ட் நகர்

பதில்: தள்ளுறது கால்தாங்க, கை இல்ல. வலது கால் முன்னாடி போறப்போ இடுப்பு இடது பக்கமா திரும்பப் பாக்கும், அந்தத் திருகலை சரிக்கட்டத்தான் இடது கை முன்னாடி வருது. நீங்க யோசிக்காமலே நடக்குற வேலை இது. நம்பலைன்னா கையைக் கட்டிக்கிட்டு ஒரு நூறு மீட்டர் ஓடிப் பாருங்க, உடம்பு மத்து மாதிரி இப்படியும் அப்படியும் திருகும்.

இதை அளந்தே பாத்திருக்காங்க. 2014ல அரெல்லானோ, கிராம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சு ஓடுனா சுமார் 3 சதவீதம் எனர்ஜி கூடுதலா செலவாகுது, நெஞ்சுல கட்டுனா 9, தலைமேல வெச்சா 13. அதாவது கை வீச்சு பெட்ரோல் மிச்சம் பண்ற சமாச்சாரம், ஆக்ஸிலரேட்டர் இல்ல. நூறு மீட்டர் ஓடுறவங்க அவ்ளோ ஆவேசமா வீசுறாங்களேன்னா, கால் அந்த வேகத்துல அடிக்கிறப்போ கையும் அதே வேகத்துல ஈடு கொடுத்தாகணும். நமக்கு எதுக்குங்க அதெல்லாம்!

அதுக்காக ஸ்டைல் ஸ்டைல்னு ரொம்ப மெனக்கெடவும் வேணாம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல 5000, 10000, மாரத்தான்னு மூணு தங்கத்தையும் அள்ளுன எமில் சாட்டோபெக், தலையை ஆட்டிக்கிட்டு, முகத்தைக் கோணிக்கிட்டு, தோளை முறுக்கிக்கிட்டுதான் ஓடுவார், பாக்குறவங்களுக்கு மனுஷன் இப்பவே விழுந்துடுவாரோன்னு இருக்கும்.

உங்க பிரச்சனை வீச்சு பத்தாததால இல்ல, இறுக்கத்தாலன்னு தோணுது. களைப்பு வந்தா தோள் தானா காது பக்கம் ஏறிடும், முஷ்டி இறுகிடும், கழுத்து அதுக்குக் கூலி கொடுக்குது. கைல ஒரு பொரிச்ச அப்பளம் இருக்கு, நொறுங்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டு விரலை லேசா மடிச்சு வைங்க. முழங்கையைப் பின்னாடி இழுங்க, முன்னாடி அதுவா வரும். கை தொப்புளைத் தாண்டி அந்தப் பக்கம் போனா மட்டும் கொஞ்சம் கவனிங்க. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தடவை கை ரெண்டையும் தொங்கப் போட்டு உதறிட்டு திரும்ப ஓடுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க, சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்.

ஆமா, போனைக் கைல பிடிச்சுக்கிட்டா ஓடுறீங்க? கேள்வில எழுதல, ஆனா பீச்சுல பாதிப் பேர் அப்படித்தான் ஓடுறாங்க. ஒரு கை மட்டும் இறுகிப்போய், வீச்சு ஒரு பக்கம் சின்னதாயிடும். ஒரு வாரம் அதை இடுப்பு பெல்ட்டுல போட்டு ஓடுங்க. அப்பவும் வலி விடலைன்னா பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டிடுங்க, பக்கத்துல ஓடுறவர்கிட்ட கேக்காதீங்க.