எனக்குக் கொரோனா, 16 நாள் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். முதல் குழந்தை, பிறந்து 16 நாள் ஆகிறது. மூன்று நாளாக எனக்குக் காய்ச்சல், இருமல். டெஸ்ட் எடுத்ததில் கொரோனா என்று வந்துவிட்டது. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறான். பால் வழியாக அவனுக்கும் போய்விடும், பவுடர் பால் கொடு என்கிறார் மாமியார். வீடு ஒரே அறை, தனியாகப் படுக்க இடமில்லை. என்ன செய்வது டாக்டர்?

பதில்: பால் கொடுங்கள் அம்மா. ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

மாமியார் பயப்படுவதில் தப்பில்லை. 2020-இல் கொரோனா புதிதாக வந்தபோது எங்களில் பலருக்கே அந்தப் பயம் இருந்தது. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வேறு அறையில் வைத்த இடங்கள் உண்டு. மார்பு கட்டிக்கொண்டு, பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு அழுத தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பிரிக்கத் தேவையில்லை, தாயும் சேயும் சேர்ந்தே இருக்கலாம், பாலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டே சொல்லிவிட்டது. தாய்ப்பால் வழியாகக் கொரோனா பரவியதாக உறுதியாகவில்லை. உங்கள் உடம்பு இப்போது உருவாக்கும் எதிர்ப்புச் சக்தி அந்தப் பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போகிறது. பவுடர் பாலில் அது கிடைக்காது.

ஆபத்து உங்கள் மூச்சிலும் இருமலிலும்தான். கைக்குழந்தைகளுக்குக் கொரோனா பெரும்பாலும் பிறந்த பிறகு, தூக்கிக் கொஞ்சுபவர்களிடமிருந்தே வருகிறது. வயிற்றில் இருக்கும்போதே தொற்றுவது மிக அபூர்வம். அதனால் குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பால் கொடுக்கும்போதும் துணி மாற்றும்போதும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மட்டும் மாஸ்க் போடவே கூடாது, மூச்சு முட்டிவிடும். ஒரே அறை என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப் படுக்க வையுங்கள், அது போதும். எழுந்து உட்கார முடியாத அளவு அசதியாக இருந்தால், சுத்தமான கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள். உடம்பு சரியாக இருக்கும் ஒருவர் பாலாடையால் புகட்டட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் பாட்டிமார் மூக்கிலும் காதிலும் வாயால் ஊதி எடுப்பார்கள். அப்புறம் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய், பிறகு சாம்பிராணிப் புகை. பாசத்தில் செய்வதுதான். ஆனால் கொரோனா இருப்பவர் குழந்தை மூக்கில் ஊதினால் கிருமியைக் கையோடு உள்ளே அனுப்பியது போல ஆகிவிடும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி மூன்றையும் நிறுத்துங்கள்.

தொற்றினாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு லேசான சளி, மூக்கடைப்போடு போய்விடும். ஆனாலும் உங்கள் பிள்ளைக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. உடம்பு கொதித்தால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வயதில் காய்ச்சல் என்றால் கொரோனாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட முடியாது, ரத்தத்தில் கிருமி கலந்ததாலும் இருக்கலாம். பாராசிட்டமால் சொட்டு மருந்தை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

மூச்சைக் கவனிக்கும் விதமும் சொல்கிறேன். குழந்தை அழாமல் தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-க்கும் குறைவாக இருந்தால் சரி. நடுவில் ஐந்தாறு வினாடி நின்று மறுபடி மூச்சு விட்டால் பயப்பட வேண்டாம், பச்சிளங்குழந்தைகளுக்கு அது இயல்பு. மறுபடி எண்ணியும் 60 அல்லது அதற்கு மேல் வந்தால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், முனகினால், உதடு நீலம் பாரித்தால், பால் குடிக்க எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது. உங்களுக்குக் கொரோனா இருப்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், பாலுக்கு ஒன்றும் ஆகாது. கஞ்சி, ரசம் என்று நிறையக் குடியுங்கள். உங்களுக்கே மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கொரோனாவைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போட வேண்டாம், அட்டையை எடுத்து வையுங்கள்.