மனைவிக்குத் தெரியாத பணம்

அன்புள்ள சார்,

சொந்த ஊர் குலசேகரம். சவூதியில் தம்மாமில் வேலை. மாதாமாதம் 30,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபியாகப் போடுகிறேன். சந்தை ரொம்ப ஏறிவிட்டது, விழப்போகிறது என்கிறார்கள். இப்போது நிறுத்திவிட்டு, விழுந்த பிறகு தொடங்கலாமா? அப்பாவின் ரப்பர் தோட்டத்தை விற்று அதையும் ஃபண்டில் போடலாமா? மனைவிக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது, மகளிர் குழுவில் கணக்கு எழுதுவதோடு சரி. அதனால் எல்லா விவரமும் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம். ஏழெட்டு வருடத்துக்குத் தேவைப்படாத பணம் என்றால் சந்தை விழுவது உங்களுக்கு லாபம்தான், அதே 30,000க்குக் கூடுதல் யூனிட் கிடைக்கும். அடுத்த வருடம் வீடு கட்டப்போகிறீர்கள் என்றால் அந்தப் பணம் அங்கே இருக்கவே கூடாது. தோட்டம் உங்கள் அப்பாவுடையது. அதை விற்பதைப் பற்றி நீங்களும் நானும் பேச ஒன்றுமில்லை.

சரி, கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன். அவற்றுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு குழுவுக்கே கணக்கு எழுதுகிற பெண். யார் எவ்வளவு கட்டினார், யார் தவணை பாக்கி, வங்கிக்கு எவ்வளவு வட்டி என்று மாதாமாதம் தீர்த்து வைக்கிறார். அவருக்கு உங்கள் ஃபண்டுகளின் பெயரும் ஒரு கணக்கு எண்ணும் புரியாதா? அவருக்குப் புரியாது என்று முடிவு செய்தவர் நீங்கள். நீங்கள் சொல்லிப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து, சில மாதம் கழித்து தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் போனேன். குடும்பங்களின் காகிதங்களைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அங்கிருந்த பங்குத்தந்தை கூப்பிட்டிருந்தார். ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிக்கிறவர்களின் ஊர்கள் அவை. ஒரு பெண் பிளாஸ்டிக் கவர் நிறையக் காகிதம் கொண்டு வந்தார். ரேஷன் கார்டு, நகை அடகுச் சீட்டு, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்று, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு வங்கி வைப்புத்தொகை ரசீது. அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். "கேட்டா, நான் பாத்துக்கிடுதேன், உனக்கு எதுக்குன்னு சொல்லுவாரு சாரே" என்றார்.

கணக்குக்காரருக்குப் பிறகு பணத்தை வாங்க வேண்டியவர் என்று எழுதுகிற நாமினி இடத்தில் கணவருடைய அம்மாவின் பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு போட்ட கணக்கு, அப்புறம் யாரும் மாற்றவில்லை. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றுக்கே அலைச்சல். ஏழு வருடம் தகவல் இல்லாதவரைத்தான் சட்டம் இறந்தவராகக் கொள்ளும் என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் எழுதியது, இன்றைய புதிய சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. அந்தப் புயலின்போது நிவாரணத்துக்கு அரசு தனி வழி செய்தது. மற்றக் காகிதங்களுக்கு ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பதில்.

கடைசியில் வங்கி அந்தப் பணத்தை அம்மாவிடம்தான் கொடுத்தது. வங்கி செய்தது சரி. நாமினியிடம் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு முடிந்தது. ஆனால் வைப்புத்தொகையின் நாமினி வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் அம்மாவுக்குப் பங்கில்லை. அதற்காக அந்தப் பெண் மாமியார்மேல் வழக்குப் போடுவாரா? மகனைக் கடலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற கிழவி மேல்? அந்தக் கிழவியையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. குறை முழுவதும் அந்தப் படிவத்தை மாற்றாமல் விட்டவருடையது. இறந்தவரை இப்படிச் சொல்வது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்.

திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலிருந்தே நம் குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய பழக்கம் உண்டு. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்குக் கொடுத்தது மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. நிலத்தில் விதவைக்கு ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போகும். மகளுக்கும் சமபங்கு கேட்டு மேரி ராய் போட்ட வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தச் சட்டத்தின் கதை முடிந்தது. ஆனால் நம் வீடுகளில் முடியவில்லை. சாதி மதம் எதுவானாலும், வீட்டுப் பணம் ஆண்களுக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் என்றுதான் நாம் இன்னும் இருக்கிறோம். தம்பியிடம் சொன்னேன் என்று நீங்கள் நிம்மதியாக எழுதுவது அதனால்தான்.

அரசையும் விடமாட்டேன். உயிரோடு இருப்பவரிடம் பான், கேஒய்சி என்று திரும்பத் திரும்பக் கேட்கத் தெரிகிறது. ஒரு இறப்புப் பதிவானதும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போகும்படி ஏன் செய்யவில்லை? பத்து வருடம் யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. வாரிசு வந்து கேட்டால் கிடைக்கும், 2023இலிருந்து ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் தேடியும் பார்க்கலாம். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். நல்லதுதான். ஆனால் கணக்கு இருப்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்?

விடுமுறையில் வந்ததும் முதலில் மனைவியோடு வங்கிக்குப் போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கில் ஊரிலிருக்கும் மனைவியை இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம். நீங்கள் இருக்கும்வரை அது உங்கள் கணக்கு, அப்புறம் அவர் கைக்குப் போகும். ஃபண்டுகளின் நாமினி யார் என்று அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய குழு நோட்டுப் போலவே உங்களுக்கும் ஒரு நோட்டு, அவர் கையெழுத்தில். சொத்து மட்டும் போதாது, கடனும் அதில் இருக்க வேண்டும், யாரிடம் கைமாற்று வாங்கினீர்கள் என்பது உட்பட. ஒரு உயிலும் எழுதுங்கள். தம்பி நல்லவராகவே இருக்கட்டும், அவரிடமும் சொல்லுங்கள், மனைவியிடம் சொன்ன பிறகு.

நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள். எடுக்கும்போது 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தொகையைப் பொதுவாக உங்கள் கடன்காரர்கள் தொட முடியாது, மனைவிக்கும் பிள்ளைகளுக்குமே போகும். பாலிசி வந்த பிறகு அதைச் சேர்க்க முடியாது, அதனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள்.