தறி வீட்டுப் பிள்ளைகள்

ஐயா, வணக்கமுங்க. பல்லடம் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் தலைமை ஆசிரியருக்குக் கல்வி பற்றி எந்தப் பார்வையும் இல்லை. சுற்றறிக்கை சொல்வதைச் செய்வார், அவ்வளவுதான். கோவையில் அவினாசிலிங்கம் செட்டியார் ராமகிருஷ்ண வித்யாலயம் என்ற கல்வி நிலையத்தைக் கண்ட மண்ணில் ஏன் இப்படி? ஒரு தலைமை ஆசிரியரின் பார்வையை உருவாக்குவது எது? படிப்பா, பயிற்சியா, அனுபவமா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள அம்மணி,

போன வாரம் சோமனூர் போய்வந்ததிலிருந்து எங்கள் பழைய டீச்சர் நினைப்பாகவே இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

செட்டியாரை விட்டுவிடுங்கள். 1930-ல் வித்யாலயம் தொடங்கியவருக்கு எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவில், வருகை ஏற்றும் வேலை இல்லை. உங்கள் தலைமை ஆசிரியருக்கு 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம், அப்புறம் காலை உணவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், சத்துணவு முட்டைக் கணக்கு, இத்தனைக்கும் நடுவில் தன் வகுப்பு. படிப்பா பயிற்சியா என்பதெல்லாம் எம்.எட். பரீட்சைக் கேள்வி.

எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர் தலைமையாசிரியையேதான். எங்களில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். நாங்கள் வாயைத் திறந்தால் கத்தல்தான். "காது செவிடாடா?" என்று தொடையில் கிள்ளுவார். ஒருமுறை நான் நாலு நாள் பள்ளிக்குப் போகவில்லை. பொழுதோடு வீட்டுக்கே வந்துவிட்டார். எங்களுக்கு வீடும் தறியும் ஒரே கூரைக்குக் கீழே. நாலு விசைத்தறியும் பெரும் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. அப்பா அறுந்த இழையை முடிந்துகொண்டே ஏதோ சொன்னார், டீச்சருக்குக் கேட்கவில்லை. டீச்சர் கேட்டது அப்பாவுக்குக் கேட்கவில்லை. கடைசியில் டீச்சரும் கத்தினார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் யாரையும் கிள்ளவில்லை. சோறு தின்றதும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, முதல் பிள்ளையின் காதில் ஒரு வரி சொல்வார். அது காதுக்குக் காது மாறிக் கடைசிப் பிள்ளைக்குப் போக வேண்டும். மெதுவாகப் பேசவும் முடியும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. வீட்டுப்பாடத்தையும் பள்ளியிலேயே முடிக்க வைத்துத்தான் அனுப்புவார். எந்தப் பயிற்சியும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் நின்ற அந்தக் கால்மணி நேரம் சொல்லித் தந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் செட்டியார் இருக்கிறார், சுற்றறிக்கை இருக்கிறது, ஒரு பிள்ளையைக்கூடக் காணோம்! பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்கள் எந்தக் காம்பவுண்டு வீட்டில் எத்தனை பேரோடு படுக்கிறார்கள் என்று தெரியுமா? உங்கள் தலைமை ஆசிரியருக்குத் தெரியாது என்றால் எமிஸைச் சாக்குச் சொல்லலாம். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

வர்ற சனிக்கிழமை பொழுதோடு ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள் கண்ணு. அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் உங்கள் செலவு.